சூளை ஏற்றும் வேலை – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

செராமிக் (மண்பாண்ட, பீங்கான் கலை) படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சந்தா கட்டி ஒரு பொது ஸ்டுடியோவில் சக்கரமும் சூளையும் பயன்படுத்துகிறேன். காலையில் எழுந்ததும் எங்கே விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள் என்று தேடுவதுதான் முதல் வேலை. சர்வதேசப் போட்டிகள், ரெசிடென்சிகள் (கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்யும் இடங்கள்) என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்பிவிட்டேன். 'இம்முறை தேர்வாகவில்லை' என்றுதான் பதில் வருகிறது. பாதி இடங்களிலிருந்து அதுகூட இல்லை. இப்போது ஒரு ஸ்டுடியோவில் சூளை ஏற்றவும் (பண்டங்களை உள்ளே அடுக்க), கிளேஸ் (பண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) கலக்கவும் ஆள் கேட்கிறார்கள். போனால் என் சொந்த வேலை நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முதலில் நல்ல கண்காட்சி ஒன்று, அதைக் காட்டி ஒரு ரெசிடென்சி, அதையும் காட்டிக் கற்பிக்கும் வேலை என்றுதான் திட்டம் போட்டிருந்தேன். எங்கே பிசகுகிறது? அனுப்பிய படங்களையும் இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

திட்டம் தலைகீழாக இருக்கிறது. அந்தச் சூளை ஏற்றும் வேலைக்கு இன்றே பதில் போடுங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

ஓவியருக்கு ஓர் அறையும் கொஞ்சம் வண்ணமும் இருந்தால் போதும், யார் முகத்தையும் பார்க்காமல் பத்து வருடம் வரையலாம். நம் தொழிலில் அது முடியாது. ஸ்டோன்வேர் என்கிற கெட்டியான மண்பாண்டம் வேக 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தரும் சூளையைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் குறைவு. விறகுச் சூளை என்றால் இன்னும் மோசம். அனகாமா போன்ற நீண்ட சூளையை நாள்கணக்கில், இரவு பகலாக முறை வைத்து எரிக்க வேண்டும். ஒரு குழு இல்லாமல் அது நடக்காது. ஆகவே செராமிக் உலகத்தின் செய்திகள் சூளையைச் சுற்றித்தான் நடமாடுகின்றன. இந்த உதவியாளர் அடுத்த மாதம் கிளம்புகிறார், அந்தக் கண்காட்சியில் ஓர் இடம் காலி, இன்ன பள்ளியில் ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அறிவிப்பாக வெளியாவதற்கு முன்பே விறகு போடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் காலையில் இணையத்தில் பார்ப்பது கடைசியாக வந்து சேரும் செய்தி.

இது புதிதும் அல்ல. மொன்டானாவின் ஹெலினா நகரில் இருக்கும் ஆர்ச்சி பிரே ஃபவுண்டேஷனை இன்று பெருமைக்குரிய ரெசிடென்சி என்கிறோம். 1951இல் அது ஒரு செங்கல் சூளை வளாகம். அங்கே முதலில் வந்து சேர்ந்த செராமிக் கலைஞர்கள் பீட்டர் வோல்க்கஸும் ரூடி ஆட்டியோவும் செங்கல் வேலை பார்த்துக்கொண்டே மிச்ச நேரத்தில் தங்கள் வேலையைச் செய்தவர்கள். அமெரிக்க செராமிக்கின் போக்கு அதற்குப்பின் எப்படி மாறியது என்று படிப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1946இல் லண்டனில் செராமிக் கலைஞர் லூசி ரீயின் ஸ்டுடியோவுக்கு ஹான்ஸ் கோப்பர் வந்தது செராமிக் பொத்தான்கள் செய்ய உதவியாளாக. அதற்கு முன் அவர் மண்ணைத் தொட்டவர் இல்லை. சில ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். பொத்தான் வேலை தன் கலையைக் கெடுத்துவிடும் என்று கோப்பர் யோசித்திருந்தால் நமக்கு அந்தக் குவளைகள் கிடைத்திருக்காது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். என் சொந்தப் பண்டங்களுக்குச் சூளையில் இடம் உண்டா, வேலை நேரம் முடிந்தபின் ஸ்டுடியோவைப் பயன்படுத்தலாமா என்ற இரண்டையும் முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இவை இரண்டும் இருந்தால் அது நல்ல வேலை. இவை இல்லாமல் நல்ல சம்பளம் என்றால் அது வெறும் வேலை, அப்படி நினைத்துக்கொண்டு சேருவதிலும் குற்றமில்லை. 'அனுபவம்தான் சம்பளம்' என்கிற இடத்தில் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். தூசியைப் பற்றியும் கேளுங்கள். கிளேஸ் அறையைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா, ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்று பார்த்தாலே அந்த ஸ்டுடியோவின் தரம் தெரிந்துவிடும். சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. உலர்ந்த பொடியைக் கலக்கும்போது சரியான முகக்கவசம் கொடுக்காத முதலாளி எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சரி, வேண்டாம்.

வேலை என்றதும் நீங்கள் கல்லூரியில் கற்பிப்பதை மட்டும்தான் நினைக்கிறீர்கள். அந்தக் கதவு குறுகியது, வரிசை நீண்டது. பாத்திர ஸ்டுடியோக்களில் வனைகிற ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. அங்கே நேர்காணல் என்றால் ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் வனைந்து காட்டச் சொல்வார்கள். போர்ட்ஃபோலியோவைப் புரட்டுவதோடு சரி. ஓடு, சுகாதாரப் பீங்கான், மேஜைப் பாத்திரத் தொழிற்சாலைகளில் மாதிரி வடிவம் செய்ய, அச்சு எடுக்க, கிளேஸ் சோதிக்க ஆள் வேண்டும். அருங்காட்சியகங்களில் உடைந்ததை ஒட்டும் பாதுகாப்புப் பிரிவு தனித் துறை, அதற்கு மேற்படிப்பு வேண்டும். பல் ஆய்வகத்தில் பீங்கான் பல் செய்கிறவர்கூட ஒரு வகையில் நம் பங்காளிதான்.

தொழிற்சாலை என்றால் முகம் சுளிக்க வேண்டாம். விஸ்கான்சினில் கோலர் நிறுவனத்தின் ஆலைக்குள்ளேயே கலைஞர்களை வைத்து வேலை செய்யவிடும் ஆர்ட்ஸ்/இன்டஸ்ட்ரி ரெசிடென்சி 1974 முதல் நடக்கிறது. கழிவறைச் சாதனங்கள் வார்க்கும் அதே மண்கூழை எடுத்து, தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் நின்று சிற்பம் செய்யலாம்.

ரெசிடென்சிக்கு வருகிறேன். கண்ணில் பட்டதற்கெல்லாம் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக் குழுவுக்கு அது தெரிந்துவிடும். எந்த இடத்துக்கும் பொருந்துகிற விண்ணப்பம் எந்த இடத்துக்கும் பொருந்தாது. ரெஸ் ஆர்டிஸ், டிரான்ஸ் ஆர்டிஸ்ட்ஸ் போன்ற பட்டியல்கள் உதவும், ஆனால் பட்டியலுக்குள் போகுமுன் உங்களிடம் ஒரு கேள்வி இருக்க வேண்டும்: என் ஸ்டுடியோவில் செய்ய முடியாத எதைச் செய்ய நான் அங்கே போகிறேன்? ஆளுயரச் சிற்பம் என்றால் நெதர்லாந்தின் ஓய்ஸ்டர்வைக்கில் உள்ள இகேடபிள்யூசி என்ற செராமிக் மையத்தில் அதற்கேற்ற பெரிய சூளைகளும் தொழில்நுட்ப ஆலோசகர்களும் உண்டு. கட்டடக் கலைஞர்கள், வடிவமைப்பாளர்கள் என்று செராமிக்கே தெரியாதவர்களும் அங்கே போகிறார்கள். கரடுமுரடான மண்ணும் விறகுச் சாம்பலும்தான் உங்கள் மொழி என்றால் ஜப்பானின் ஷிகராகி. போர்சலின் (வெள்ளைப் பீங்கான்) என்றால் சீனாவின் ஜிங்தேசென்: வனைய ஒருவர், செதுக்க ஒருவர், அச்சுக்கு ஒருவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி நிபுணர்கள் உள்ள ஊர். அங்கே நீங்கள் கற்றுக்கொள்வது வனைதலைவிட வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதை. உங்கள் படங்களில் இருப்பவை உப்புக் கிளேஸை (சூடான சூளைக்குள் உப்பைப் போட்டு, அதன் ஆவியால் வரும் பூச்சு) நெருங்க முயலும் சிறு குடுவைகள். மின்சூளையில் அதைச் செய்ய முடியாது. உப்புச் சூளை இருக்கும் இடங்களை மட்டும் தேடி, உங்கள் சோதனை வில்லைகளின் படத்தோடு எழுதியிருந்தால் அவர்கள் நின்று படித்திருப்பார்கள்.

காலக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்கு வார ரெசிடென்சி என்பது நான்கு வார வேலை அல்ல. புது மண் எவ்வளவு சுருங்கும், அந்த ஊர்க் கிளேஸ் எப்படி உருகும் என்று பார்க்கவே முதல் வாரம் போய்விடும். கடைசி வாரம் உலர்த்தவும், முதல் சூடு, கிளேஸ் சூடு இரண்டுக்கும், சூளை ஆறவும் போகும். நடுவில் கையில் மிஞ்சுவது இரண்டு வாரம். கனமான பண்டம் அவசரமாக உலர்ந்தால் விரிசல் விடும், ஈரத்தோடு சூளைக்குள் போனால் வெடிக்கும். நாலு வாரத்தில் நாற்பது பெரிய ஜாடி செய்வேன் என்று திட்டக் குறிப்பில் எழுதியவரை எந்தக் குழுவும் நம்பாது. கட்டணத்தில் மண், சூளைச் செலவு, தங்குமிடம் எல்லாம் சேர்ந்ததா, செய்ததைத் திரும்ப எடுத்துவரும் செலவு யாருடையது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இத்தாலியின் ஃபயென்சா பரிசு 1938இல் தொடங்கியது. ஜப்பானின் மினோ சர்வதேசப் போட்டி 1986 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை. கொரியாவின் கியோங்கி பியனாலே (ஈராண்டுக் கண்காட்சி) 2001 முதல். இந்தப் பெரிய செராமிக் போட்டிகளுக்கு உலகம் முழுவதிலிருந்தும் அனுப்புகிறார்கள், அதனால் இவற்றை நம்பித் திட்டம் போட முடியாது. நீங்களும் அனுப்பலாம், ஆனால் வருடத்துக்கு ஒன்று போதும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய பிரிவுகளைத் தேடுங்கள். பிரிட்டனில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் நடக்கும் செராமிக் பியனாலேயில் 'ஃப்ரெஷ்' என்று ஒன்று இருக்கிறது. கோப்பை மட்டும், தேநீர்க்கெண்டி மட்டும் என்று வைக்கும் சிறு கண்காட்சிகள் இன்னும் நல்லவை. பெட்டி சிறியது, அனுப்பும் செலவு குறைவு, விற்றும் போகும்.

உங்கள் படங்களைப் பார்த்தேன். பண்டங்கள் படங்களைவிட நன்றாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், குழுவுக்கு ஊகிக்க நேரமில்லை. பூப்போட்ட மேஜைவிரிப்பையும் பின்னால் தெரியும் ஜன்னலையும் எடுத்துவிடுங்கள். சாம்பல் நிறப் பின்னணி, பக்கவாட்டிலிருந்து மென்மையான வெளிச்சம், கிளேஸில் விளக்கு பளீரென்று தெரியாத கோணம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பண்டங்களாகப் பாருங்கள். இரண்டு குடுவை, ஒரு சிலை, ஒரு சுவர்த்தகடு என்று கலந்து அனுப்பினால் நாலு பேர் வேலை போலத் தெரிகிறது. உயரம், அகலம், மண், சூட்டின் அளவு, ஆண்டு எல்லாம் படத்தின் கீழ் இருக்கட்டும். உங்கள் கலைக்குறிப்பில் 'மண்ணோடு உரையாடுகிறேன்' என்று இருக்கிறது. எல்லோரும் உரையாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் குடுவையின் கழுத்தை ஏன் சாய்த்து வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். கேலரிகள் விற்பனையில் பாதிவரை எடுத்துக்கொள்வது வழக்கம், அதைக் கணக்கில் வைத்து விலை போடுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு, விற்றால் எத்தனை நாளில் பணம் வரும், விற்காததை யார் செலவில் திருப்புவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சிறிய விண்ணப்பக் கட்டணம் சாதாரணம். ஆனால் 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், சுவர் வாடகை மட்டும் கட்டுங்கள்' என்று தானாக வரும் மின்னஞ்சல் உங்கள் பர்ஸைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. இன்னொரு வகையும் உண்டு. 'என் மனைவிக்கு உங்கள் குடுவை மிகவும் பிடித்துவிட்டது, விலைக்கு மேலேயே காசோலை அனுப்புகிறேன், மிச்சத்தை லாரிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று எழுதுவார்கள். அந்தக் காசோலை சில வாரம் கழித்துப் போலி என்று திரும்பும். நீங்கள் 'லாரிக்காரருக்கு' அனுப்பிய பணம் திரும்பாது. முதல் விற்பனைக்காக ஏங்கும் வயதில் இதில் விழுந்தவர்கள் பலர். மனைவிக்கு எந்தக் குடுவை பிடித்தது என்று பெயர் கேட்டு ஒரு வரி எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது.

அன்புடன்,
அக்கா