குடல் ஸ்கேனுக்கு முன் குடிக்கும் திரவமும் போடும் ஊசியும்

கேள்வி: என் மகனுக்கு வயது 22. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன்ஸ் நோய் (குடலில் நாட்பட்டுத் தொடரும் அழற்சி) இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரை சாப்பிட்டு வருகிறான். இதுவரை இரண்டு முறை சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் மறுபடி வந்திருப்பதால், இம்முறை எம்.ஆர்.ஐ. முறையில் குடலைப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை லிட்டர் திரவம் குடிக்க வேண்டும், கான்ட்ராஸ்ட் ஊசியும் போட வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின், சென்ற ஆண்டு 0.8 ஆக இருந்தது, இப்போது 1.3 ஆகியிருக்கிறது. அவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. இவை இரண்டும் இல்லாமலே எடுத்தால் போதாதா? – சேலம் வாசகி

பதில்: நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கும் இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. குடிக்கும் திரவம் குடலுக்குள்ளேயே தங்கி அதை விரித்துக் காட்டுகிறது. ஊசி மருந்து இரத்தத்தில் கலந்து குடல்சுவரில் எங்கே இரத்த ஓட்டம் மிகுந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. சிறுநீரகத்தைப் பற்றிய கேள்வி ஊசிக்கு மட்டுமே உரியது. ஆனால் படத்தின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது திரவம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுகுடல் பல மீட்டர் நீளமுள்ள, மடிந்து மடிந்து கிடக்கும் மெல்லிய குழாய். உள்ளே எதுவும் இல்லாதபோது அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிக் கிடக்கும் நல்ல குடல், படத்தில் தடித்த சுவர் கொண்டதாகத் தெரியும். ஊசி போட்ட பிறகு பளிச்சென்று ஒளிரவும் செய்யும். அழற்சி உள்ள குடலும் இப்படித்தான் தெரியும் என்பதால், விரியாத குடலைப் பார்த்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல எந்தக் கதிரியக்க மருத்துவராலும் இயலாது. நன்கு விரிந்த சிறுகுடலின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால்தான் நாங்கள் ஐயம் கொள்கிறோம்; அந்த அளவைக் குடல் விரிந்திருந்தால் மட்டுமே நம்ப முடியும்.

வெறும் தண்ணீர் குடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீரைக் குடல் வழியிலேயே உறிஞ்சிவிடுவதால், உங்கள் மகனுக்கு நோய் இருக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. ஆகவே எளிதில் உறிஞ்சப்படாத, நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு பொருளைத் தண்ணீரில் கலக்கிறோம். நம் நாட்டில் பெரும்பாலும் மேனிடால் என்ற சர்க்கரை வகைப் பொருளை 2.5 அல்லது 3 சதவீதக் கரைசலாகத் தருகிறார்கள்; சில இடங்களில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் தருவதுண்டு. ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், சீரான இடைவெளியில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். இனிப்பும் திகட்டலும் சேர்ந்து பாதியிலேயே நிறுத்தத் தோன்றும். பாதியில் நிறுத்திவிட்டால் படமும் பாதியாகவே அமையும் என்பதை மகனிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

இந்தத் திரவத்தில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. வயிறு உப்பி, தொடர்ந்து வாந்தி வந்து, மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் குடலில் அடைப்பு இருக்கக்கூடும். அந்நிலையில் ஒன்றரை லிட்டரை உள்ளே அனுப்புவது வேதனையைக் கூட்டும் என்பதால், குடிக்கத் தொடங்கும் முன்பே அறிகுறிகளைச் சொல்லிவிட வேண்டும். மற்றொன்று, அதே நாளில் கொலோனோஸ்கோபியும் (குழாய்க் கருவியைச் செலுத்திப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்யத் திட்டமிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மேனிடாலைச் சிதைத்துத் தீப்பற்றக்கூடிய வாயுவை உண்டாக்குகின்றன. உள்ளே மின்சாரக் கருவியால் சதை வளர்ச்சியை அகற்ற நேர்ந்தால் அது ஆபத்தாக முடியலாம்.

இனி ஊசிக்கு வருவோம். சி.டி. ஸ்கேனுக்குப் போடுவது அயோடின் கலந்த மருந்து, எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. இரண்டுக்கும் பொதுவாக "கான்ட்ராஸ்ட்" என்று சொல்வதால், ஒன்றைப் பற்றிய அச்சம் மற்றதன்மேலும் படிந்துவிடுகிறது. இறால் ஒவ்வாமைக்கும் இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை. இறால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் காரணம் அதன் தசையிலுள்ள ஒரு புரதமே அன்றி அயோடின் அன்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு: முன்பு எடுத்த இரண்டு சி.டி.யின்போது ஊசி போட்டதும் உடல் தடித்ததா, மூச்சுத் திணறியதா? அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால், அது அயோடின் மருந்தால் வந்ததே என்றாலும், தவறாமல் சொல்லுங்கள்.

சிறுநீரகம் பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சிறுநீரகம் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தவர்கள் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய்க்கும் கடோலினியம் ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவை, கடோலினியத்தைத் தளர்வாகப் பிடித்துவைத்திருந்த பழைய வகை மருந்துகள். அதைக் கூண்டுபோலச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும் வளைய வகை மருந்துகளே இப்போது விரும்பப்படுகின்றன. உடலில் மிக நுண்ணிய அளவில் கடோலினியம் தங்குவதை முன்னிட்டு, பழைய வகைகளில் பலவற்றின் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்தியோ கட்டுப்படுத்தியோ வைத்தது. அப்படித் தங்குவதால் மூளைக்குத் தீங்கு நேர்வதாக இதுவரை நிறுவப்படவில்லை. எனினும் "எந்த வகை மருந்து போடுகிறீர்கள், அது வளைய வகையா?" என்று ஸ்கேன் மையத்தில் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. அதோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும், சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவையே பார்க்கிறோம். 22 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.3 என்றால் அந்த அளவு ஏறத்தாழ 80 வரும். ஊசியைப் பற்றிப் பெரிதும் யோசிக்க வைப்பது 30-க்குக் கீழே உள்ள நிலை. ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், வளைய வகைக் கடோலினியத்தை உரிய அளவில் போடுவதற்குத் தடை இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ளச் செய்தது ஊசி அன்று, 0.8 என்பது ஓராண்டில் 1.3 ஆகியிருப்பதுதான். வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நீர் ஈடுசெய்யப்பட்டதும் அது இறங்கிவிடும். கடையில் வாங்கிச் சாப்பிடும் வலிநிவாரண மாத்திரைகள் இன்னொரு காரணம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிப்பதோடு குடல் அழற்சியையும் தூண்டக்கூடியவை. மூன்றாவது, மெசலமின். அரிதாகவே என்றாலும், அம்மருந்து எந்த அறிகுறியும் காட்டாமல் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்குவது உண்டு. அதனால்தான் அதைச் சாப்பிடுபவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்கிறோம். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஸ்கேனுக்குக் காத்திராமல் இந்த இரண்டு எண்களையும் குடல் மருத்துவரிடம் காட்டி, உடலில் நீர்ச்சத்து சரியானபின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். நோயால் உடல் மெலிந்தவர்களுக்குத் தசை குறைவதால் கிரியாட்டினின் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும், எண் ஏறிக்கொண்டே இருக்கும்போது இ.ஜி.எஃப்.ஆர். கணக்கு அவ்வளவு நம்பத்தக்கதல்ல என்பதையும் மருத்துவர் கருத்தில் கொள்வார்.

ஊசியே இல்லாமல் எடுக்க முடியுமா என்றால், சில வேளைகளில் முடியும். குடல்சுவரின் தடிப்பு, நீர்க்கோப்பு, புண், சுற்றியுள்ள கொழுப்பின் கலக்கம் ஆகிய நான்கையும் ஊசியின்றியே பார்த்து நோயின் தீவிரத்தை மதிப்பிடும் எளிமையாக்கப்பட்ட ஒரு கணக்கீட்டு முறை 2019-இல் வெளியாகியிருக்கிறது. மருந்துக்கு நோய் கட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்க்கும் தொடர் ஸ்கேன்களில் ஊசியைத் தவிர்ப்பது நியாயமே. உங்கள் மகனின் நிலை அதுவன்று. அடங்கியிருந்த நோய் மறுபடி எழுந்திருக்கிறது. குடலுக்கு வெளியே சீழ்க்கட்டி இருக்கிறதா, குடலிலிருந்து பக்கத்து உறுப்புக்குத் துளை விழுந்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும். சீழ்க்கட்டியின் ஓரம் ஊசிக்குப் பிறகு வளையமாக ஒளிர, நடுப்பகுதி இருண்டே இருக்கும். ஊசி இல்லாமல் இதைப் பிரித்தறிவது கடினம்.

இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. குடல் காசநோய் பெரும்பாலும் தாக்குவது, கிரோன்ஸ் நோயும் விரும்பித் தங்கும் அதே இடத்தை, அதாவது சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் பகுதியை. நெறிகட்டிகளின் நடுப்பகுதி அழுகி இருண்டும் ஓரம் ஒளிர்ந்தும் தெரிந்தால் காசநோய்ப் பக்கம் சாய்கிறோம். குடல்சுவருக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சீப்பின் பற்கள்போல வரிசையாகத் தெரிந்தாலும், இடைவெளி விட்டுவிட்டுக் குடலின் பல இடங்களில் நோய் இருந்தாலும் கிரோன்ஸ் பக்கம் சாய்கிறோம். இவற்றுள் எதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. திசுப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வலுவான மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோயைத் தவறவிட்டால் அது உடலெங்கும் பரவக்கூடும். எனவே, மறுபரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கும் பட்சத்தில், இம்முறை ஊசியோடு எடுப்பதே சரி என்பது என் கருத்து.

சி.டி.க்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. பரிந்துரைத்ததும் நல்ல முடிவே. இது வாழ்நாள் முழுதும் தொடரும் நோய், 20 வயதிலேயே நோய் கண்டறியப்பட்டவருக்கு இன்னும் எத்தனை ஸ்கேன் தேவைப்படுமோ தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. நள்ளிரவில் தாங்க முடியாத வயிற்றுவலியோடு போகும்போது சி.டி. எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். அங்கே விரைவே முக்கியம்.

ஸ்கேன் நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் உணவு கூடாது. குடலின் அசைவை நிறுத்த ஹயோசின் ஊசி போடுவார்கள். கண் அழுத்த நோயோ இதயப் படபடப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பார்வை சற்று நேரம் மங்கலாக இருக்கலாம் என்பதால் மகன் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம். மேனிடால் அடுத்த சில மணி நேரத்துக்கு நீராகக் கழியும். கழிப்பறை அருகில் இருக்கட்டும், இழந்த நீருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், அவனுடைய சிறுநீரகத்துக்கு இப்போது அது மிகவும் தேவை. போகும்போது பழைய இரண்டு சி.டி. ஸ்கேன்களின் அறிக்கைகளை மட்டுமன்றிப் படங்கள் பதிந்த தட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். குடலில் ஓரிடம் சுருங்கியிருந்தால் அது புதிதாக வந்ததா, இரண்டு ஆண்டாக அப்படியே இருப்பதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.