மறுகால் ஓடை அடித்துக்கொண்டு போகும் ஊர்ச்சாலையை நிலைநிறுத்துவது எப்படி?

கேள்வி: திருநெல்வேலி மானூர் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு 1.8 கிலோமீட்டர் தார்ச்சாலை. பாதித் தூரம் கரிசல், மீதி செம்மண். நடுவில், மேலக்குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வரும் மறுகால் ஓடை குறுக்கே போகிறது. அங்கே 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டு பதித்திருந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த இடமே காணாமல் போனது. மண்ணைக் கொட்டி அதே அளவுக் குழாய்களை மறுபடியும் வைத்தார்கள். அடுத்த மழையிலேயே ஓரம் சரிந்துவிட்டது. கரிசல் பகுதியில் கோடை வந்தால் நீளவாக்கில் வெடிக்கிறது. இப்போது புது எஸ்டிமேட் போடப் போகிறார்கள். பிளாஸ்டிக் கலந்த தார் தாங்குமா? சிமெண்ட் சாலை கேட்கலாமா? நான்கடி உயர்த்தச் சொல்லலாமா? குளத்து நீர் வழியும் மறுகால் சுவர் 24 மீட்டர் நீளம். வெள்ளத்தன்று அதன்மேல் ஒன்றரை அடி தண்ணீர் போன தடம் சுவரில் இருக்கிறது.

பதில்: கடைசி இரண்டு விவரங்களைச் சொன்னது ரொம்ப நல்லதாயிற்று. எவ்வளவு தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்பதை அவற்றை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மறுகாலின்மேல் வழியும் நீர், விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதற்குச் சுலபமான வாய்பாடு உண்டு: 1.7 பெருக்கல் நீளம் பெருக்கல் உயரம் பெருக்கல் உயரத்தின் வர்க்கமூலம். 24 மீட்டர் நீளம், 0.45 மீட்டர் உயரம் என்றால் சுமார் 12.5 கன மீட்டர் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் 440 கன அடி. 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டும் முழுதாக ஓடினாலும், தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால், கடத்துவது 40 கன அடிதான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 400 கன அடி சாலையின்மேல் ஏறித்தான் போயாக வேண்டும். அப்படி ஏறும் தண்ணீரைத் தாங்கும்படி சாலை கட்டப்படவில்லை. உங்கள் சாலை போனதற்கு இதுதான் காரணம். தாரின் தரத்துக்கு இதில் பெரிய பங்கில்லை.

சாலை எந்தப் பக்கத்திலிருந்து அறுகிறது என்று பார்த்தால் இன்னும் விளங்கும். மேல்புறத்தில் தண்ணீர் தேங்கி ஏறி, தார் மேல் மெல்லிய தகடாக ஓடி, கீழ்ப்புற ஓரத்தில் அருவிபோல் விழுகிறது. விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டுகிறது. குழி ஆழமாக ஆக ஓரமண் சரிகிறது. தாருக்கு அடியில் இருக்கும் மெட்டல் ஜல்லி வெளியே தெரிகிறது, ஒவ்வொரு கல்லாக உருள்கிறது, தார் பலகைபோல் அந்தரத்தில் நின்று ஒடிகிறது. அரிப்பு இப்படியே பின்னோக்கி வந்து மேல்புறத்தைத் தொட்டதும் சாலை அறுந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரயில் பாதையில் மண்ணும் ஜல்லியும் போய்த் தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்த காட்சியை நம் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடிமண் போனால் இரும்பும் அந்தரத்தில் தொங்கும்.

ஆகவே நான்கடி உயர்த்தச் சொல்ல வேண்டாம். உயர்த்திய சாலை ஓடைக்குக் குறுக்கே ஒரு கரையாக நிற்கும். மேல்புற வயலெல்லாம் மூழ்கும், பயிர் அழுகும். கடைசியில் யாராவது மண்வெட்டியோடு வந்து சாலையை வெட்டிவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஓடை இடத்தில் சாலையைத் தாழ்த்தித் தாம்போதி கட்டுவதே சரி. சாதாரண மழைத்தண்ணீர் அடியிலுள்ள குழாய்க் கண்கள் வழியாகப் போகட்டும். பெருவெள்ளம் மேலே ஏறிப் போகட்டும். 1843-இல் தாமிரபரணிக்குக் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்துக்கு 11 கண்கள் வைத்தார்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆற்றுக்கு அது தேவை. வருஷத்தில் சில நாள் மட்டும் பெருகும் மறுகால் ஓடைக்கு அவ்வளவு பணத்தைப் பாலத்தில் போட வேண்டியதில்லை.

உங்கள் ஓடைக்கு 1 மீட்டர் விட்டமுள்ள குழாய் மூன்று. இவை சுமார் 4.7 கன மீட்டர் கடத்தும். தாழ்ந்த பகுதி 40 மீட்டர் நீளம். அதன்மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் போனால் 11 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 16. தேவை 12.5 தானே, எதற்கு இவ்வளவு என்று எஸ்டிமேட்டில் குறைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வெள்ளத்தில் கீழ்ப்புறத்திலும் நீர்மட்டம் ஏறி நிற்கும், அப்போது குழாய்கள் கணக்கில் சொன்னபடி இழுக்காது. உடைமரக் கொப்பும் பனையோலையும் ஆகாயத்தாமரையும் வந்து ஒரு கண்ணை அடைத்துவிடும். மேலே இன்னொரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் உங்கள் ஓடைக்குத்தான் வரும். நம் பகுதிக் குளங்கள் சங்கிலிபோல் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு என்று அமைந்தவை.

கட்டும் விவரங்களில் மூன்று இடங்களில்தான் வழக்கமாகத் தவறு நடக்கிறது. முதலாவது, மண்ணுக்குள் இறங்கும் குறுக்குச் சுவர். மேல்புறம் ஓடைத்தரைக்குக் கீழே 1.2 மீட்டர், கீழ்ப்புறம் 2 மீட்டர் ஆழம் வேண்டும். பாறை முன்னாலேயே கிடைத்தால் பாறையில் பதிக்கலாம். பல தாம்போதிகளில் இரண்டு பக்கமும் ஒரே ஆழம் வைத்துவிடுகிறார்கள். அரிப்பு தொடங்குவது கீழ்ப்புறம் என்பதால் அங்கே ஆழம் குறைந்தால் மேலே எவ்வளவு கான்கிரீட் போட்டும் பயனில்லை. இரண்டாவது, கீழ்ப்புறத்துக் கல் தளம். கம்பிவலைப் பெட்டியில் 15 சென்டிமீட்டருக்குக் குறையாத கற்களை அடுக்கி, அரை மீட்டர் கனத்தில், 5 முதல் 6 மீட்டர் தூரம் விரிக்க வேண்டும். அடியில் மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியோ, பருமன் மாறும் சரளையோ கட்டாயம். இல்லாவிட்டால் கல்லின் இடுக்கு வழியாக மண் கசிந்து போய்ப் பெட்டிகள் ஒன்றொன்றாகத் தாழும். மூன்றாவது, ஓரங்கள். வெள்ளத்தடத்துக்கு 30 சென்டிமீட்டர் மேல் வரை இரண்டு பக்கச் சரிவிலும் கான்கிரீட் ஏறிப் போக வேண்டும். குறைத்து நிறுத்தினால் தண்ணீர் கான்கிரீட்டை விட்டுவிட்டு அது முடிகிற இடத்தில் சுற்றிக்கொண்டு போகும். தாம்போதி நடுவில் தீவுபோல் நிற்க, இருபக்கமும் சாலை போன இடங்கள் இப்படித்தான் ஆகின்றன.

மேல்தளம் எம்30 என்ற தரத்துக் கான்கிரீட், 200 மில்லிமீட்டர் கனம். 4 மீட்டருக்கு ஒரு வெட்டு இணைப்பு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்; போட்ட அன்றோ மறுநாள் காலையிலோ வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். 14 நாள் சாக்கு நனைத்துப் போட்டால்தான் இந்த வெயிலுக்குத் தாங்கும். குழாய்களுக்கு இடையே 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் கான்கிரீட்டால் மூடச் சொல்லுங்கள். குழாயை ஒட்டி மண் நிரப்பினால் தண்ணீர் அந்த ஒட்டிலேயே ஊடுருவி வழி பண்ணிவிடும். ஏறி இறங்கும் சரிவு 20-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருந்தால் நெல் ஏற்றிய டிராக்டர் திணறும்.

இனி கரிசல். முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். செலவு அதிகம் இல்லை. காயவைத்துப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து மண்ணெண்ணெயில் 12 மில்லியும் தண்ணீரில் 21 மில்லியும் நின்றால் வீக்கம் 75 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அது தொந்தரவு பிடித்த மண். ஓரமண் முதலில் காய்ந்து சுருங்குவதால்தான் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நீளவாக்கு வெடிப்பு வருகிறது. ஐப்பசி மழை அதில் இறங்கி அடிமண்ணைக் களியாக்கும். பிசான நெல் அறுவடைக்கு இயந்திரமும் நெல் லாரியும் வரும்போது, உள்ளே ஈரம் காயாத சாலை உட்காரும்.

இதற்கு மருந்து சுண்ணாம்பு. தாழையூத்துச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் கிடக்கிற ஊர்க்காரர்கள் நாம், தொலைவிலிருந்து தேட வேண்டியதில்லை. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, மண்ணின் எடையில் 4 சதவீதம் கலப்பது என்றால் சதுர மீட்டருக்கு 9.6 கிலோ. ஓரமண்ணையும் சேர்த்து 6 மீட்டர் அகலம், 900 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 52 டன். சரியான விகிதத்தை ஆய்வகத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள். மண்ணில் சல்பேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் சுண்ணாம்பு வேண்டாம்; அது உள்ளேயே வீங்கிச் சாலையைத் தூக்கிவிடும். வேலை நடக்கும்போது எளிய சோதனை: 25 கிலோ மூட்டை ஒன்று 2.6 சதுர மீட்டருக்கு என்ற கணக்கில் பரப்பி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கலந்து, நனைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடியும் கலந்து ரோலர் விட வேண்டும். பிறகு 7 நாள் ஈரம். பங்குனி, சித்திரையில் முடித்துவிடுவது நல்லது. ஆனி, ஆடிக் காற்றில் சுண்ணாம்பு பாதி பக்கத்து ஊருக்குப் போய்விடும், வேலையாட்கள் கண்ணும் வெந்துபோகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

அதன்மேல் வரும் ஜிஎஸ்பி எனும் அடித்தளச் சரளை அடுக்கைப் பெட்டிபோல் வெட்டிய பள்ளத்துக்குள் போடுவது இன்னொரு பழைய தவறு. இருபுறமும் கரிசல் சுவர் நிற்க, உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தொட்டியில் நிற்பதுபோல் நிற்கும். அந்த அடுக்கு இருபக்கச் சரிவு வரை நீண்டு வெளியே தெரிய வேண்டும். சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வு மீட்டருக்கு 3 சென்டிமீட்டர், ஓரமண் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சாய்வு. பக்கச் சரிவில் தென்னைநார் வலை விரித்து, வெட்டிவேரை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நடலாம். நார்வலை இரண்டு மூன்று ஆண்டில் மக்கிப்போகும். அதற்குள் வேர் பிடித்துவிடும். கிராமச் சாலைகளில் தென்னைநார் வலையைப் பயன்படுத்த 2020-இலேயே மத்திய அரசு இசைவு தந்திருக்கிறது, எனவே புதுமை என்று யாரும் தயங்க வேண்டாம்.

பிளாஸ்டிக் தார் நல்ல பொருள்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கொண்டுவந்த முறை அது. 160 முதல் 170 டிகிரி சூட்டில் ஜல்லிமேல் பொடித்த பிளாஸ்டிக் பூசிக்கொள்ளும், பிறகு தார் சேர்ப்பார்கள். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம். பிவிசி ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது, சூட்டில் நச்சுப் புகை வரும். தண்ணீரில் தார் உரிவதை அது குறைக்கும். கலவையை 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் போட்டு, உரிவது 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். ஆனால் அது சாலையின் சட்டை. அடிமண் வீங்குவதையோ ஓடை அரிப்பதையோ தடுக்காது. தாம்போதி, சுண்ணாம்பு இரண்டுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு கேளுங்கள். சிமெண்ட் சாலையைத் தாம்போதிக்கும், வீட்டுத் தண்ணீர் தெருவில் ஓடும் ஊருக்குள்ளேயும் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பிடாத கரிசல்மேல் போட்டால் பலகை பலகையாக ஆடும்.

ஓடையும் மறுகாலும் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்தினுடையதா என்று முதலில் விசாரித்து, உரிய இசைவை எஸ்டிமேட்டோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கோப்பு அங்கேயே நிற்கும்.

கட்டி முடித்தபின் தாம்போதியின் இருபுறமும் 2 மீட்டருக்கு ஒரு வழிகாட்டிக் கல் நட்டு, தளத்திலிருந்து 15 சென்டிமீட்டர் வரை வெள்ளை, அதற்கு மேல் சிவப்பு அடியுங்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் இரு சக்கர வாகனமும் ஆட்டோவும் இறங்கக் கூடாது என்று ஊரில் தண்டோரா போடுங்கள். கல்லுக்குப் பதில் கெட்டிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டாம். குப்பை அதில் அடைத்துத் தண்ணீரை மேலேற்றும். மூன்று கண்களையும் ஆண்டுதோறும் புரட்டாசியில், முதல் மழைக்கு முன், உள்ளே ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.