கிளாம் மெட்டல் கேட்கத் தொடங்குபவர் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

கிளாம் மெட்டல் என்றால், மெட்டலின் கனத்தோடு பாப் பாட்டின் மெட்டையும், மேடையில் ஊதிய முடியையும் கண்மையையும் சேர்த்துக்கொண்ட எண்பதுகளின் ராக் இசை. இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் பான் ஜோவி, டெஃப் லெப்பர்ட் ஆகிய குழுக்கள் என்று 1986, 1987ஆம் ஆண்டுகளைச் சுற்றியே நிற்கும். மெருகு ஏற்றி, பளபளவென்று தேய்த்து, வானொலிக்கென்றே செய்த ஆல்பங்கள் அவை. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தொடங்கினால், இந்த இசை எந்த அழுக்கிலிருந்து முளைத்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஆகவே என் பதில் மோட்லி க்ரூ என்ற அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பம், ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’.

1981 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் வெளிவந்தது. குழு தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தம் கையில் இல்லை. லெதர் ரெக்கார்ட்ஸ் என்று தாங்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டு, முதல் பதிப்பாக வெறும் 900 இசைத்தட்டுகளை அடித்தார்கள். தயாரிப்பாளர் என்ற இடத்திலும் குழுவின் பெயர்தான். தட்டிக்கேட்க ஆளில்லாத நான்கு பேர் செய்த வேலை என்பது முதல் நிமிடத்திலேயே தெரியும்.

அந்த நான்கு பேரும் சரியான கதம்பம். லண்டன் என்ற குழுவிலிருந்து விலகி வந்த நிக்கி சிக்ஸ், பேஸ் கிட்டார் வாசிப்பவர். பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. டிரம்ஸில் பதின்மவயது முடியாத டாமி லீ. கிட்டாருக்கு மிக் மார்ஸ், முப்பதை எட்டிக்கொண்டிருந்தவர். சத்தமும் முரட்டுத்தனமும் கொண்ட கிட்டார் கலைஞன் நான் என்று பத்திரிகையில் வரிவிளம்பரம் கொடுத்து வந்து சேர்ந்தார். கடைசியாக, டாமிக்குப் பள்ளி நாட்களிலேயே பழக்கமான வின்ஸ் நீல், பாடகர். குழுவின் பெயருக்கே ஏறக்குறைய கதம்பக் கும்பல் என்றுதான் பொருள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது o, u என்ற இரண்டு எழுத்துகளின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்தார்களே, அது அவர்கள் குடித்துக்கொண்டிருந்த லோவன்பிராய் என்ற ஜெர்மன் பீர் புட்டியைப் பார்த்து வந்த யோசனை. தமிழில் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அகரம் உதிர்ந்து மெய் மட்டும் மிஞ்சும். ஜெர்மனில் உயிரின் ஒலி மாறும். இவர்களுக்கு அது வெறும் பொட்டு, அலங்காரம். ஜெர்மனிக்குப் போனபோது ரசிகர்கள் புள்ளியை மதித்து வேறுவிதமாக உச்சரித்தது தனி வேடிக்கை.

இசைக்கு வருகிறேன். முதல் பாடல் ‘லைவ் வயர்’. மிக் மார்ஸின் கிட்டார் மூச்சுவிடாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. நடுவில் டாமி லீ கௌபெல்லைத் தட்டுகிறார். மாட்டின் கழுத்தில் கட்டும் மணியின் வம்சம்தான் அது. ஆனால் இங்கே மாடு அவிழ்த்துக்கொண்டு சந்தைக்குள் புகுந்துவிட்டது. வின்ஸ் நீலின் குரல் கீச்சென்று மேலே ஏறுகிறது, சில இடங்களில் சுருதி வழுக்குகிறது. நல்ல பாடகர் என்று அவரை நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பாடல்களுக்கு நல்ல பாடகர் வந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

இதை ‘மெட்டல்’ என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. ‘மெர்ரி கோ ரவுண்ட்’, தலைப்புப் பாடல் இரண்டிலும் கனத்தைவிட மெட்டுதான் முன்னால் நிற்கிறது. எழுபதுகளின் பிரிட்டிஷ் கிளாம் குழுவான ஸ்வீட், அமெரிக்காவின் சீப் டிரிக் ஆகியவற்றின் இனிப்பை எடுத்து, பங்க் இசையின் அவசரத்தில் முக்கி எடுத்ததுபோல இருக்கிறது. பின்னால் இதே சன்செட் ஸ்டிரிப்பிலிருந்து, அதாவது லாஸ் ஏஞ்சல்ஸின் இசை விடுதித் தெருவிலிருந்து, புறப்பட்ட பல குழுக்கள் முடியையும் மையையும் எடுத்துக்கொண்டு இந்த அவசரத்தை விட்டுவிட்டன என்பது என் மனத்தாங்கல்.

அட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: வின்ஸ் நீலின் தோல் கால்சட்டை, இடுப்புப் பகுதி மட்டும், மிக நெருக்கத்தில். ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் வெளியிட்ட ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ அட்டைக்கு இது வணக்கமாம். வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கானது அல்ல.

இனி முக்கியமான விஷயம். இந்த ஆல்பம் இரண்டு உருவங்களில் இருக்கிறது. சொந்த வெளியீடு ஏறக்குறைய 20,000 பிரதிகள் விற்றதும் எலெக்ட்ரா நிறுவனம் குழுவை எடுத்துக்கொண்டது. குயீன் குழுவோடு ‘பொஹீமியன் ராப்சடி’யைத் தயாரித்த ராய் தாமஸ் பேக்கரிடம் கொடுத்து ஒலிக்கலவையை மாற்றி, 1982 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டது. பாடல் வரிசை மாறியது. ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ என்ற பாடல் நீக்கப்பட்டது. பேக்கர் கைதேர்ந்தவர், ஒலி நிமிர்ந்துவிட்டது, மறுக்கவில்லை. நான் பல வருடம் இந்த வடிவத்தை மட்டும் கேட்டுவிட்டு, ஆல்பம் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பழைய கலவையைக் கேட்டபோதுதான், கரடுமுரடான ஓரங்கள் எல்லாம் இழைக்கப்பட்டிருந்தது புரிந்தது. 2003இல் வந்த பெட்டித் தொகுப்பில் அந்த மூலக் கலவையும் சேர்க்கப்பட்டது. கிடைத்தால் அதையே முதலில் கேளுங்கள். ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ கடைசியில் கூடுதல் பாடலாக ஒட்டப்படாமல், வரிசையின் நடுவிலேயே இருக்கிறதா என்று பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஒரே பாடலுக்குத்தான் நேரம் என்றால், ‘லைவ் வயர்’ என்றே எல்லாரும் சொல்வார்கள். நான் கடைசிப் பாடலான ‘ஆன் வித் தி ஷோ’வைச் சொல்வேன். ஃபிராங்கி என்பவன் இறந்துபோனதாகத் தொடங்கும் பாட்டு. நிக்கி சிக்ஸின் இயற்பெயர் ஃபிராங்க் ஃபெரானா. இந்த ஆல்பத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் அந்தப் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டிருந்தார்.