க்வெக்ஸின் அம்மா

அன்புள்ள ஐயா,

நண்பர்களோடு ‘ஹிட்லர்யுங்கே க்வெக்ஸ்’ (1933) என்ற நாஜிப் பிரச்சாரப் படம் பார்த்தேன். க்வெக்ஸ் என்று பட்டப்பெயர் பெறும் கம்யூனிஸ்ட் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஹிட்லர் இளைஞர் படையில் சேர்ந்து உயிரை விடும் கதை. நாஜிப் பிள்ளைகள் எல்லாம் குளித்துத் தலைவாரியவர்கள், கம்யூனிஸ்ட்டுகள் எல்லாம் குடிகாரர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதை நம்பியா ஒரு நாடு ஏமாந்தது? கல்லூரி மாணவர்களுக்கு இதைத் திரையிடலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

சில வாரங்களாகவே இந்தப் படத்தில் வரும் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

குளித்த பிள்ளைகள், குடிகாரர்கள் எல்லாம் கிடக்கட்டும். தகப்பனாக வரும் ஹைன்ரிஷ் ஜார்ஜைப் பார்த்துமா சிரித்தீர்கள்? வேலையில்லாத கம்யூனிஸ்ட் அவன். மகன் நாஜிப் பாட்டைப் பாடக் கேட்டதும் அறைந்து, அழ அழ கம்யூனிஸ்ட்டுகளின் சர்வதேசிய கீதத்தைப் பாட வைக்கிறான். அப்படியும் இயக்குநர் ஹான்ஸ் ஸ்டைன்ஹாஃப் அவனை வில்லனாக்கவில்லை. காரணம் இருக்கிறது. 1932 நவம்பர் தேர்தலில் கம்யூனிஸ்ட்டுகள் வாங்கிய ஓட்டு ஏறக்குறைய 60 லட்சம். மறுவருஷம் செப்டம்பரில் படம் வந்தபோது கட்சியை ஒழித்தாகிவிட்டது. ஓட்டுப் போட்டவர்கள் எங்கே போவார்கள்? அவர்களும்தான் தியேட்டருக்கு வரவேண்டும். அதனால் தகப்பன் மெல்ல மெல்ல மனம் மாறுகிறான்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். மகனைக் கம்யூனிஸ்ட்டுகள் பழிவாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் ராத்திரி கேஸைத் திறந்துவிட்டு, தூங்கும் மகனோடு சாகப் பார்க்கிறாள். அவள் சாகிறாள், அவன் பிழைத்துக்கொள்கிறான். ஜெர்மன் ரசிகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1929-இல் பீல் யுட்ஸி எடுத்த ‘க்ராவ்ஸே அம்மாவின் இன்பப் பயணம்’ என்ற இடதுசாரிப் படத்தில் ஏற்கெனவே வந்ததுதான். பெர்லினின் வெட்டிங் பகுதியில் பேப்பர் போட்டுப் பிழைக்கும் கிழவி. விற்ற காசை மகன் குடித்துத் தீர்க்கிறான். கடன் கட்ட வழியில்லாமல் அவளும் கேஸைத் திறக்கிறாள், தன் வீட்டில் ஒண்டியிருப்பவளின் குழந்தையையும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு. மகள் தொழிலாளர் ஊர்வலத்தில் போய்ச் சேர்கிறாள்.

நான்கு வருஷத்தில் நாஜிகள் அந்த ஒண்டுக்குடித்தனத்தையும், கேஸ் குழாயையும், கடைசி ஊர்வலத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிரிக்கிற நேரத்தில் இதைக் கவனித்திருக்கலாம் நீங்கள். க்ராவ்ஸே அம்மா செத்ததும் அவளைக் கொன்றது எது என்று கேட்கத் தோன்றும். வாடகை, கடன், வேலையின்மை எல்லாம் கண்முன் நிற்கும். க்வெக்ஸின் அம்மா சாவது மகனை வீட்டிலிருந்து கிளப்பத்தான். ஆஸ்பத்திரியிலேயே பையன் யாருக்குச் சொந்தம் என்று தகப்பனும் படைத் தலைவனும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் கட்சி விடுதிதான் அவனுக்கு வீடு. கடைசியில் அவன் சாகும்போது பாட்டும் கொடியும் அணிவகுப்பும் திரையை நிறைக்கின்றன. இவளுக்கு அதில் எதுவும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாத ஒருத்தியை இப்படிப் பயன்படுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரையிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஜெர்மனியில் விளக்கவுரையும் விவாதமும் இல்லாமல் இதைத் திரையிட முடியாது, நல்ல ஏற்பாடு. நீங்கள் முதல் நாள் க்ராவ்ஸே அம்மாவைக் காட்டுங்கள், மறுநாள் இதை. இரண்டையும் பார்த்த பிறகும் மாணவர்கள் சிரித்தால் எனக்கு எழுதுங்கள்.