பிரைவாக்ஸி போட்டால் வீடு முழுக்க விளம்பரம் நின்றுவிடுமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து கைப்பேசிகள், ஓர் ஆண்ட்ராய்டு டிவி, மகளின் பள்ளிப் பாடத்துக்கு ஒரு லேப்டாப். அப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். பழைய பாட்டு, நாட்டு நடப்பு எல்லாம் அவருக்குக் கைப்பேசியில்தான். அவர் திறக்கும் பக்கங்களில் சூதாட்ட விளம்பரமும் "உங்கள் போனில் வைரஸ்" என்ற மிரட்டலும்தான் அதிகம். போன மாதம் ஒன்றை அழுத்தி, ஏதோ ஒரு செயலியை இறக்கிவிட்டார். நல்ல வேளை, பணம் எதுவும் போகவில்லை. பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் பிரைவாக்ஸி என்ற புரோக்சியைப் போட்டால் வீடு முழுக்க விளம்பரம் நிற்கும், யாரும் நம்மை வேவு பார்க்க முடியாது என்று தம்பி சொல்கிறான். உண்மையா? எப்படிப் போடுவது? பேங்க் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: புரோக்சியை அப்புறம் பார்ப்போம். முதலில் அப்பாவின் கைப்பேசியைக் கையில் எடுங்கள். போன மாதம் இறங்கிய அந்தச் செயலி இன்னும் உள்ளே இருக்கலாம். செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, உங்களுக்கும் அவருக்கும் தெரியாத எதையும் நீக்குங்கள். அக்சசிபிலிட்டி என்ற பகுதியில் எந்தச் செயலிக்காவது அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். திரையைப் படிக்கவும் அவருக்குப் பதிலாக விரலை அழுத்தவும் மோசடிச் செயலிகள் கேட்பது இந்த அனுமதியைத்தான். பிரவுசருக்கும் வாட்ஸ்அப்புக்கும் "தெரியாத செயலிகளை நிறுவும்" அனுமதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அதே கைப்பேசியில் பேங்க் செயலி இருந்தால், கடவுச்சொல்லை வேறொரு கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் நகர்ந்த அடையாளம் தெரிந்தால், பேங்க்குக்கும் 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, இனி பிரைவாக்ஸி. தம்பி சொன்னது பொய் இல்லை, ஆனால் பதினைந்து வருடத்துக்கு முந்திய உண்மை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். முன்பெல்லாம் லயன் வீடுகளுக்குத் தனித்தனியாகத் தபால் வராது. எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும், கிராணி பிரித்துக் கொடுப்பார். புரோக்சி என்பது அந்தக் கிராணி. உங்கள் கைப்பேசி நேராக வெளியே போகாமல் அவரிடம் கேட்கிறது. அவர் வெளியிலிருந்து வாங்கி வந்து, வேண்டாததை எடுத்துவிட்டு மீதியைத் தருகிறார். 1990-களில் இருந்த இன்டர்நெட் ஜங்க்பஸ்டர் என்ற நிரலின் வழிவந்த பிரைவாக்ஸி இந்த வேலையைத்தான் செய்கிறது. விளம்பரப் படத்தை எடுத்துவிடும், உளவு பார்க்கத் தளங்கள் உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் குக்கீ என்ற சிறு குறிப்பைக் கிள்ளிவிடும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்ற தகவலை மறைத்துவிடும். பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்காது, காசும் கேட்காது.

அந்தக் காலத்து இணையம் அஞ்சலட்டை மாதிரி. கிராணி அதைப் படிக்கலாம், ஒரு வரியை அடிக்கலாம். இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது ஒட்டிய உறை. கிராணிக்கு உறை மேலே இருக்கும் முகவரி மட்டும்தான் தெரியும். "இந்த விளம்பரக் கம்பெனியிடமிருந்து வந்த உறையா? வேண்டாம்" என்று முழு உறையையும் தடுக்க முடியும். நாட்டு நடப்புப் பக்கத்துக்குள்ளேயே ஒட்டியிருக்கும் விளம்பரத்தை மட்டும் உரித்தெடுக்க முடியாது.

உறையைப் பிரிக்கும் வழியும் பிரைவாக்ஸியில் இருக்கிறது. 2020-இல் வந்த 3.0.29 பதிப்பிலிருந்து எச்டிடிபிஎஸ் சோதனை என்று ஒரு வசதி சேர்ந்தது. அதற்கு வீட்டுக் கருவி ஒவ்வொன்றிலும் நீங்களே தயாரித்த சான்றிதழைப் பதித்து, "இந்தக் கிராணியின் முத்திரையை நம்பு" என்று சொல்ல வேண்டும். பேங்க் செயலிகள் அந்த முத்திரையை நம்பாது. ஆண்ட்ராய்டு 7 முதல் மற்ற செயலிகளும், தனியாக அனுமதிக்கப்படாவிட்டால், நீங்கள் பதித்த சான்றிதழை ஏற்பதில்லை. இதையெல்லாம் விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வீட்டில் எல்லாருடைய கடவுச்சொல்லும் ஒரு பழைய லேப்டாப்புக்குள் பிரிந்த நிலையில் கடந்துபோகும். அந்த லேப்டாப் கெட்டவன் கைக்குப் போனால் மொத்தக் குடும்பமும் போச்சு. பேங்க் வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டீர்களே, இந்த இடத்தில்தான் வரும். இதைத் தொடாதீர்கள்.

அதைத் தொடாமல் சாதாரணமாகப் போடும் பிரைவாக்ஸியால் பேங்க்குக்குப் பாதகம் இல்லை, உறை ஒட்டியபடியே போகும். தம்பிக்கு ஆசை இருந்தால் போடட்டும், கற்றுக்கொள்ள அருமையான பொருள். பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸை ஏற்றினால் பிரைவாக்ஸி அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கும். நிறுவியதும் அது 127.0.0.1 என்ற முகவரியில் 8118 போர்ட்டில் காத்திருக்கும், அதாவது அந்த லேப்டாப்புக்கு மட்டும் வேலை செய்யும். மற்ற கருவிகளுக்கும் வேண்டுமென்றால் கான்ஃபிக் என்ற கோப்பில் "லிசன்-அட்ரஸ்" வரியில் லேப்டாப்பின் வீட்டு முகவரியைப் போட வேண்டும். உதாரணமாக 192.168.0.10:8118. கூடவே "பெர்மிட்-ஆக்சஸ்" வரியில் 192.168.0.0/24 என்று எழுதினால் வீட்டுக் கருவிகளைத் தவிர வேறு யாரையும் சேர்க்காது. உங்கள் ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியில் வைஃபை பெயரைத் திறந்து, புரோக்சி என்ற இடத்தில் மேனுவல் தேர்ந்து, அதே முகவரியையும் 8118-ஐயும் கொடுக்கலாம். பிரவுசரில் எச்டிடிபி என்று தொடங்கி "பி டாட் பி" என்ற இரண்டெழுத்து முகவரியை அடித்தால் பிரைவாக்ஸியின் சொந்தப் பக்கம் வரும். வந்தால் வேலை செய்கிறது என்று பொருள். சொந்த விதிகளை "யூசர் ஆக்‌ஷன்" கோப்பில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். "டிஃபால்ட் ஆக்‌ஷன்" கோப்பில் எழுதினால் அடுத்த பதிப்பு வரும்போது அழிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: ரவுட்டரில் 8118 போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்துவிடவே கூடாது. திறந்தால் முன்பின் தெரியாதவர்கள் உங்கள் இணைப்பு வழியாகக் காரியம் செய்வார்கள், கேள்வி வரும்போது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இவ்வளவு செய்தாலும் அப்பாவுக்குக் கிடைப்பது குறைவு. பல செயலிகள் வைஃபையில் கொடுத்த புரோக்சியைக் கண்டுகொள்வதே இல்லை. டிவியிலும் அப்படித்தான். அதனால் உங்கள் வீட்டுக்கு வேறு இரண்டு இடங்களில் வடிகட்டி வைக்கச் சொல்வேன்.

முதல் இடம், கடிதம் பிரிக்கப்படும் கை, அதாவது பிரவுசர். அப்பாவின் கைப்பேசியில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரலைச் சேருங்கள். உறை முறைப்படி பிரிந்த பிறகு அது பார்ப்பதால், பக்கத்துக்குள் இருக்கும் விளம்பரத்தை மட்டும் எடுத்துவிட அதனால் முடியும். எந்தச் சான்றிதழும் வேண்டாம். ஆண்ட்ராய்டு குரோமில் இந்த நீட்சியைச் சேர்க்க முடியாது, அதனால் குரோம் ஐகானை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு அதே இடத்தில் ஃபயர்ஃபாக்ஸை வையுங்கள். வயதானவர்கள் விரல் போன பழக்கத்துக்கே போவார்கள், இடம் மாறக்கூடாது. பத்து நிமிட வேலை. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது இடம், முகவரி விசாரிக்கும் இடம். ஒரு தளத்தைத் திறக்கும் முன் கைப்பேசி "இந்தப் பெயர்க்காரர் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்வது டிஎன்எஸ். விளம்பரக் கம்பெனியின் பெயரைக் கேட்டால் "அப்படி ஒரு வீடே இல்லை" என்று சொல்லிவிடும் டிஎன்எஸ் ஒன்றை வீட்டில் வைத்தால், கடிதப் போக்குவரத்தே நடக்காது. பை-ஹோல், ஆட்கார்ட் ஹோம் இரண்டும் இதைச் செய்யும் இலவச நிரல்கள். உங்கள் பழைய லேப்டாப்புக்கு ஏற்ற வேலை இதுதான். ஒரு ஜிகாபைட் நினைவகம் இருந்தாலே தாராளம். ரவுட்டரில் லேப்டாப்புக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கி, கருவிகளுக்கு முகவரி பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால், வீட்டு வைஃபையில் சேரும் டிவி உட்பட அநேகமாக எல்லாக் கருவிகளும் அதைத்தான் கேட்கும். இணையச் சேவையோடு வந்த சில ரவுட்டர்கள் டிஎன்எஸ்ஸை மாற்ற விடாது. அப்போது ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, அந்த வேலையையும் பை-ஹோலிடமே கொடுத்துவிடலாம்.

லேப்டாப்பை மூடினாலும் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அப்புறம் மின்னல். நம் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் மோடம் போவது புதிது இல்லை. என் அக்கா வீட்டில் நான் வைத்துக் கொடுத்த பெட்டி ஒரு மழையில் போய்விட்டது. வீட்டில் முகவரி சொல்ல வேறு ஆள் இல்லாததால், மோடம் நன்றாக இருந்தும் மூன்று நாள் யாருக்கும் எந்தத் தளமும் திறக்கவில்லை. நான் வெளியூரில் இருந்தேன், அக்காவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதிலிருந்து ஒரு தாளில் "இணையம் போனால் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றவும்" என்று படிப்படியாக எழுதி, ரவுட்டர் பக்கத்திலேயே ஒட்டி வைக்கிறேன். நீங்களும் ஒட்டுங்கள்.

அப்பா வெளியே போய் டேட்டாவில் பார்க்கும்போது வீட்டு லேப்டாப் உதவாது. ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. ஆட்கார்ட் நிறுவனம் விளம்பரம் தடுக்கும் பொது டிஎன்எஸ் ஒன்றை இலவசமாக நடத்துகிறது. அவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் அங்கே போட்டால் போதும். வைஃபை, டேட்டா இரண்டிலும் வேலை செய்யும். லேப்டாப் வேலை பெரிதாகத் தோன்றினால், ஐந்து கைப்பேசியிலும் இதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதிலும் தவறில்லை. ஆஸ்பத்திரி, கடைகளில் இலவச வைஃபை சில சமயம் இதனால் திறக்காது. அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தச் சொல்லிக்கொடுங்கள்.

2024 செப்டம்பரில் பொது டிஎன்எஸ் கேள்விகளையெல்லாம் இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் டிஎன்எஸ்ஸுக்கே திருப்ப வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி உத்தரவிட்டது. மக்கள் எதிர்ப்பைப் பார்த்துத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதைச் செயல்படுத்த வேண்டாம் என்று சொன்னார். முகவரி விசாரிக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்று அந்த வாரத்தில் பலருக்கும் தெரிந்தது.

யூடியூப் விளம்பரம் இவை எதிலும் டிவியில் நிற்காது. காணொலி வரும் அதே கூகுள் சர்வர்களிலிருந்தே விளம்பரமும் வருகிறது, பெயரைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஃபேஸ்புக் செயலிக்குள் வருவதும் அப்படியே. அதில் வரும் ஆ லோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) கடன் விளம்பரங்களை அப்பாவிடம் காட்டி, இது என்ன என்று நீங்கள்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

"யாரும் வேவு பார்க்க முடியாது" என்று தம்பி சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் புரோக்சி உங்கள் ஐபி முகவரியை மறைக்காது. நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரியும். கணக்கில் நுழைந்து பார்த்தால் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் உங்களைத் தெரியும். குறைவது, முகம் தெரியாத பத்திருபது விளம்பரக் கம்பெனிகள் அப்பாவின் பின்னாலேயே நடப்பது. அதுவே பெரிய விஷயம்தான். மறைந்துகொள்ளும் ஆசையில் இணையத்தில் கிடைக்கும் இலவச புரோக்சி, பெயர் தெரியாத இலவச விபிஎன் பக்கம் போய்விடாதீர்கள். அங்கே கிராணி யார் என்றே தெரியாது.

மகளின் பள்ளித் தளமோ பேங்க் பக்கமோ திடீரென்று திறக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். பை-ஹோலின் பக்கத்தில் கேள்விப் பதிவு என்று ஒரு பட்டியல் இருக்கும். தளத்தை மறுபடி திறந்து பார்த்து, அந்த நிமிடத்தில் சிவப்பாக நிற்கும் பெயர் எதுவோ அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். முதல் இரண்டு வாரம் அப்படி நாலைந்து பெயர் சேர்க்க வேண்டிவரும், பிறகு குறைந்துவிடும்.