மைல் 6 நிமிடம், ஆனால் 10 கி.மீ. 52 நிமிடம்: குறை எங்கே?

மைலை 6 நிமிடத்தில் ஓடியும், வாரம் மூன்று நாள் 400 மீட்டர் விரட்டி ஓடியும், 10 கி.மீ.க்கு 52 நிமிடம் ஆவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். வேகம் உங்களிடம் இருக்கிறது நண்பரே, தாக்குப்பிடிக்கும் திறன்தான் போதவில்லை. தூரம் இரட்டித்தால் நேரம் சுமார் 2.08 மடங்காகும் என்பது, ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கும் ரீகல் சூத்திரம். அதன்படி உங்கள் மைலுக்கு 10 கி.மீ. 42 நிமிடத்துக்குள் வரவேண்டும். இந்தப் பத்து நிமிட இடைவெளியை வாரம் மூன்று நாள் 400 மீட்டர் விரட்டி ஓடி அடைக்க முடியாது. அதை ஒரே நாளாக்குங்கள். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம், கிலோமீட்டருக்கு 6 முதல் 6:30 நிமிடம் போதும். ஞாயிறு ஓட்டம் 8 கி.மீ.யில் தொடங்கி, வாரம் 1 கி.மீ. கூட்டி 15 வரை போகட்டும். சேலம் வெயிலுக்கு காலை 5:30 மணிக்கே கிளம்பிவிடுங்கள். தாமதித்தால் அதே வேகத்துக்கே நாடித்துடிப்பு எகிறும். ஏற்காடு மலைப்பாதையில் ஏறி ஓடும் நேரத்தை ரீகல் சூத்திரத்தில் போடாதீர்கள், அது சமதள ஓட்டத்துக்கானது. இறக்கத்தில் ஓடினால் தொடை இரண்டு நாள் வலிக்கும், அப்போது 400 மீட்டர் பயிற்சி வேண்டவே வேண்டாம்.