குழாய், ஃபேன், ஸ்டெப்னி: கேளுங்க சொல்றேன்

வீட்டு ரிப்பேர், வண்டி ரிப்பேர் பத்தி என்ன சந்தேகம்னாலும் அனுப்புங்க, ஆம்பளைங்க கிட்ட கேக்கக் கூச்சமா இருக்குறதையும் கேக்கலாம்னு சொல்லிருந்தேன், நெறைய வந்திருச்சு. நான் இஞ்சினியர் எல்லாம் இல்ல, திருச்சியில எங்க ஹார்ட்வேர் கடை கவுன்ட்டர்ல நின்னு நின்னு கத்துக்கிட்டது தான். ஒரே மாதிரி கேள்விய ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி (கே.கே.நகர்): அக்கா, எனக்கு டூல்ஸ்ன்னாலே பயம். ஏதாவது ஒழுகினா கூட அவர் ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் பக்கெட் வெச்சுட்டு உக்காந்திருப்பேன். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: டூல்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம் மா. முதல்ல வீட்ல எதெல்லாம் எங்க நிறுத்துறதுன்னு தெரிஞ்சுக்கோங்க. மொட்டை மாடி டேங்க்ல இருந்து இறங்குற லைன்ல கேட் வால்வு, அதாவது மொத்தத் தண்ணியையும் நிறுத்துற வால்வு, எங்க இருக்கு, வாஷ் பேசினுக்குக் கீழ ஆங்கிள் காக், அதாவது அந்தக் குழாய்க்கு மட்டும் தண்ணி நிறுத்துற சின்ன வால்வு, மூடினா நிஜமாவே தண்ணி நிக்குதா, கரண்ட் போர்டுல வரிசையா இருக்குற எம்சிபி ஸ்விட்ச்ல எது எந்த ரூமுக்கு, இவ்வளவு தான். ஒவ்வொரு எம்சிபியா கீழ தள்ளி எந்த ரூம்ல லைட் போகுதுன்னு பாத்து மார்க்கர்ல பக்கத்துலயே எழுதிடுங்க. ரொம்ப வருஷமா தொடாத கேட் வால்வு இறுகிப் போயிருக்கும், முரட்டுத்தனமா திருகாதீங்க, கொஞ்சம் முன்ன கொஞ்சம் பின்னன்னு அசைச்சு விடுங்க. நம்ம பயமே ஏதாவது பிச்சுக்கிட்டு வந்தா நிறுத்தத் தெரியாதேங்கிறது தானே, அது தெரிஞ்சுட்டா பாதி பயம் போயிரும்.

அப்புறம் ஒண்ணு, குக்கருக்கு கேஸ்கட் மாத்துறீங்க, சேஃப்டி வால்வு மாத்துறீங்க, ஸ்டவ் பர்னர கழட்டி ஊசி வெச்சு அடைப்பு எடுக்குறீங்க. இதே வேலைய ஒரு ஆம்பள செஞ்சா ரிப்பேர்ன்னு சொல்லிக் காசு வாங்கிருப்பான்!

டூல்ஸ்னு பாத்தா ரெண்டு பக்க ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கட்டிங் ப்ளேயர், குழாய் மரையில சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப் போதும். பிங்க் கலர்ல லேடீஸ் டூல் கிட்னு வருது பாருங்க, அத வாங்காதீங்க, ஸ்பேனர் வாய் ரெண்டாவது தடவையே வழுக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): வாஷ் பேசின் குழாய் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுது. பிளம்பர் புதுக் குழாயே மாத்தணும்கிறார். உண்மையா?

பதில்: இருக்கலாம், ஆனா பெரும்பாலும் இல்ல. நாலஞ்சு சுத்து திருகி மூடுற பழைய மாடல்னா உள்ள ஸ்பின்டில்னு சொல்ற திருகுத் தண்டு நுனியில ஒரு ரப்பர் வாசர் இருக்கும், அது தேஞ்சிருக்கும். நீங்க இறுக்க இறுக்க அது இன்னும் நசுங்கும், அதனால தயவுசெஞ்சு பலத்தக் காட்டாதீங்க. கால் சுத்துல மூடுற புது மாடல்னா உள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ், அத அப்படியே மாத்தணும்.

ஆங்கிள் காக்க மூடுங்க, குழாயத் திறந்து மிச்சத் தண்ணிய விட்ருங்க, பேசின் ஓட்டைய ஒரு துணிய வெச்சு அடைங்க, இல்லன்னா அந்தக் குட்டி ஸ்க்ரூ உள்ள போயிரும், அதுக்கப்புறம் பேசினுக்குக் கீழ பாட்டில் மாதிரி தொங்குற பாட்டில் டிராப்ப கழட்டித் தேடணும். கைப்பிடி மேல சிவப்பு நீலம் போட்ட ஒரு சின்ன மூடி இருக்கும், நகத்தால நெம்பினா வந்துரும், அடியில ஸ்க்ரூ. கைப்பிடி வந்ததும் ஸ்பேனர் போட்டு உள்ள இருக்குறத இடது பக்கமா திருகி எடுத்து அதையே கைல எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க. ஃபோட்டோ வேண்டாம், மேல இருக்குற பல்லு எண்ணிக்கையும் உயரமும் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஃபோட்டோல எல்லாம் ஒரே மாதிரி தான் தெரியும்.

சுவத்துக்கிட்ட கசிஞ்சா அது வேற, டெஃப்லான் டேப் போச்சுன்னு அர்த்தம். குழாய கழட்டி பழைய டேப்ப சுத்தமா உரிச்சுட்டு மரை இருக்குற முனைய உங்களப் பாத்து வெச்சு கடிகாரம் சுத்துற பக்கமா பத்துப் பதினஞ்சு சுத்து இழுத்து இழுத்து சுத்துங்க. மாத்தி சுத்தினா உள்ள திருகும்போது டேப் சுருண்டு வெளிய வந்துரும், நிறைய பேருக்கு திரும்பத் திரும்ப ஒழுகுறதுக்கு காரணமே இது தான்.

கேள்வி (மடிப்பாக்கம்): கீசர் போட்டா மொத்த வீடும் கரண்ட் போகுது. எலக்ட்ரீஷியன் ஒருத்தர் போர்டுல கீழ விழுற அந்த ஸ்விட்ச்ச எடுத்துட்டு நேரா குடுத்துடலாமான்னு கேக்குறார்.

பதில்: அய்யோ வேண்டவே வேண்டாம், அவர திரும்ப வீட்டுக்குள்ள விடாதீங்க. அது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் எங்கயோ லீக் ஆனா கூட உயிர் போறதுக்குள்ள கட் பண்றதுக்குத் தான் அத வெச்சிருக்கு. கீசர் போட்டா மட்டும் விழுதுன்னா உள்ள எலிமென்ட் ஓட்டையாகி தண்ணிக்குள்ள கரண்ட் கசியுது, உப்புத் தண்ணி ஊர்ல ரொம்ப சகஜம். கீசர் எம்சிபிய ஆஃப்ல போட்டுட்டு ஆர்சிசிபிய மேல தூக்குங்க, நின்னா கீசர் தான் குத்தவாளின்னு நீங்களே கண்டுபிடிச்சாச்சு. எலிமென்ட் மாத்துறது மட்டும் ஆள வெச்சு செய்ங்க. அந்த ஸ்விட்ச்ல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, அமுக்கினா விழணும், விழலன்னா அது சும்மா பொம்மை.

கேள்வி (ஈரோடு): சீலிங் ஃபேன் தானா சுத்த மாட்டேங்குது, குச்சியால தள்ளி விட்டா சுத்துது. நானே பாக்கலாமா?

பதில்: தாராளமா. கண்டென்சர் போயிருக்கு, மோட்டார் சுத்த ஆரம்பிக்க உதவுற கெபாசிட்டர் தான் அது. பெரும்பாலான ஃபேனுக்கு 2.5 எம்எஃப்டி, சிலதுக்கு 3.15 வரும், பழசுல என்ன நம்பர் அச்சடிச்சிருக்கோ அதையே கேட்டு வாங்குங்க. ஸ்விட்ச்ச மட்டும் நம்பாம எம்சிபியவே ஆஃப் பண்ணுங்க, வயரிங் பண்ணவர் ஸ்விட்ச்ச கரண்ட் வர்ற ஃபேஸ் வயர்ல குடுக்காம நியூட்ரல் வயர்ல மாத்திக் குடுத்திருந்தா ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் மேல 230 வோல்ட் இருக்கும். டெஸ்டர வேற ஒரு நல்ல பிளக்ல வெச்சு எரியுதான்னு பாத்துட்டு அப்புறம் ஃபேன் வயர்ல வைங்க, எரியாத டெஸ்டர நம்பி கைய வெக்கக் கூடாது.

மோட்டாருக்கு மேல இருக்குற கப்ப தளர்த்தினா உருளையாவோ சதுரமாவோ ஒண்ணு தொங்கும். கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்துக்கோங்க. பழசோட வெறும் முனைய விரலால தொடாதீங்க, உள்ள சார்ஜ் நிக்கும், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால ரெண்டு முனையையும் ஒரு தடவை சேத்து தொட்டு விட்ருங்க. கட்டில் மேல ஸ்டூல் போட்டு ஏறுற வேலை மட்டும் ஆகாது, ஏணி கடன் வாங்குங்க, ஒரு ஆள் பிடிச்சுக்கட்டும்.

கேள்வி (சேலம்): சட்னி அரைக்கும்போது மிக்ஸி பட்டுன்னு நின்னு போச்சு, உயிரே இல்ல.

பதில்: கவுத்துப் பாருங்க, அடியில சின்ன பட்டன் இருக்கும், அனேகமா சிவப்பு. லோடு அதிகமாகி விழுந்திருக்கும், ஆற விட்டு அமுக்குங்க. ஜார் உக்கார்ற இடத்துல சுத்துற கப்ளரோட பல்லு போயிருந்தா மோட்டார் எந்தப் பக்கம் சுத்துமோ அதே பக்கம் திருப்பினா தான் கழலும், எதிர்ப் பக்கம் திருப்பினா இறுகும்.

கேள்வி (நாகர்கோவில்): கேஸ் டியூப்ப நானே மாத்தலாமா?

பதில்: சோப்பு நுரை தடவி முட்டை விடுதான்னு பாக்குறது உங்க வேலை, டியூப்ல அச்சடிச்சிருக்குற வருஷத்த பாக்குறதும் உங்க வேலை, அந்த ஆரஞ்சு சுரக்ஷா டியூப்ப 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மாத்துறத ஏஜென்சி ஆளுக்கு விட்ருங்க. வாசனை வந்தா ரெகுலேட்டர மூடி ஜன்னலத் திறந்துட்டு எந்த ஸ்விட்சையும் தொடாம வெளிய வந்து 1906க்கு ஃபோன் பண்ணுங்க.

கேள்வி (ஹோசூர்): நான் தினமும் ஆபீஸ் போய் வர்றது காருல. பஞ்சர் ஆனா ஸ்டெப்னி மாத்தணும்னு ஆசை, ஆனா நட்டு ஒரு இன்ச் கூட அசைய மாட்டேங்குது, நான் ரொம்ப ஒல்லி.

பதில்: கடையில ஏர் கன் போட்டு இறுக்கிருப்பாங்க, ஆம்பளைக்கும் கைக்கு வராது. கையால இழுக்காதீங்க, உடம்பு வெயிட்ட குடுங்க. சமதளமா பாத்து ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல விட்டு எதிர்ச் சக்கரத்துக்கு ஒரு கல்ல அண்டக் குடுங்க. ஜாக்கி ஏத்துறதுக்கு முன்னாடி, டயர் தரையில இருக்கும்போதே, ஸ்பேனர் கைப்பிடி உங்களுக்கு இடது பக்கம் படுக்கையா நிக்குற மாதிரி மாட்டி அது மேல கால வெச்சு அமுக்குங்க, டக்குன்னு ஒரு சத்தத்தோட விட்ரும். எல்லா நட்டையும் அரை சுத்து மட்டும் தளர்த்திட்டு அப்புறம் ஜாக்கி. சும்மா அடியில எங்கயாவது ஜாக்கி வெச்சா தகடு நசுங்கும், கதவுக்குக் கீழ விளிம்புல அதுக்குன்னே ரெண்டு வெட்டு இருக்கும், தடவிப் பாத்தா கைக்குத் தட்டும். மாட்டும்போது நட்டோட கூம்பு பக்கம் உள்ள, ஒண்ணு விட்டு ஒண்ணு எதிரெதிரா இறுக்கணும். கடைசி இறுக்கு வண்டிய இறக்கினதுக்கு அப்புறம்.

வீட்டு வாசல்ல ஒரு ஞாயித்துக்கிழமை பஞ்சரே இல்லாம ஒரு தடவை செஞ்சு பாருங்க. ராத்திரி ஹைவேல முதல் தடவையா கத்துக்கக் கூடாது. அப்படியே ஸ்டெப்னில காத்து இருக்கான்னும் பாத்துருங்க, முக்காவாசிப் பேருக்கு இருக்காது. மத்த டயர விட ஒல்லியா இருக்குற ஸ்டெப்னின்னா 80க்கு மேல ஓட்டாதீங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): சர்வீஸ் சென்டர்ல பொண்ணுன்னு தெரிஞ்சாலே பில் ஏறுது.

பதில்: ஏறும். "அண்ணா நீங்களே பாத்து செய்ங்க"ன்னு சொல்றத நிறுத்துங்க. மேனுவல்ல எத்தன கிலோமீட்டருக்கு என்ன மாத்தணும்னு போட்டிருக்கும், அந்தப் பக்கத்த ஃபோன்ல வெச்சுக்கிட்டு போங்க. எஸ்டிமேட் எழுத்துல வாங்குங்க, மாத்துற பழைய சாமான்லாம் எனக்கு திரும்ப வேணும்னு முதல்லயே சொல்லிருங்க, பாதி அயிட்டம் லிஸ்ட்ல இருந்து தானா காணாமப் போயிரும். விடுறதுக்கு முன்னாடி இஞ்சின்ல ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் கம்பிய நீங்களே எடுத்து துடைச்சு விட்டுப் பாருங்க, அவங்க முன்னாடியே. முக்கியமா, நடுவுல ஃபோன் போட்டு "இந்தாங்க எங்க வீட்டுக்காரர் கிட்ட பேசுங்க"ன்னு குடுக்காதீங்க, அப்புறம் அவங்க உங்க முகத்தையே பாக்க மாட்டாங்க.

கேள்வி (பேர் ஊர் வேண்டாம்): நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்தாலே மாமியார்ல இருந்து பையன் வரைக்கும் சிரிக்கிறாங்க.

பதில்: சிரிக்கட்டும், ஒரு ஆளுக்கு டார்ச் பிடிக்குற வேலை குடுங்க.

கேள்வி (வேளச்சேரி): 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எங்க கார் சீட் வரைக்கும் முங்கிச்சு. இனி அப்படி ஆனா நான் தனியா என்ன பண்ணலாம்?

பதில்: பண்ணக் கூடாதது தான் முக்கியம், தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு சும்மா ஒரு தடவை சாவி போட்டுப் பாக்கக் கூடாது. இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா அது அமுங்காது, பிஸ்டன் தண்ணிய முட்டி உள்ள ராடு வளைஞ்சிரும், அதோட இஞ்சின் செலவு பெருசாயிரும். நனைஞ்ச வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்தா சாதா இன்சூரன்ஸ்ல குடுக்க மாட்டாங்க, இஞ்சின் புரொடெக்ட்னு தனியா சேத்திருக்கணும், பாலிசிய எடுத்து இன்னைக்கே பாருங்க. தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுங்க. பானெட்டத் திறந்து பேட்டரியில மைனஸ் முனைய கழட்டுங்க, கறுப்பு வயர், அனேகமா 10 நம்பர் ஸ்பேனர் தான், அந்த முனை வேற இரும்புல படாம துணியில சுத்தி விட்ருங்க. அப்புறம் டோ பண்ணத் தான் சொல்லணும், தள்ளி ஸ்டார்ட் பண்றேன்னு தெருப் பசங்க வருவாங்க, விடாதீங்க.